காலியாகத் தெரியும் குப்பிக்குள் என்ன இருக்கிறது?

ஆய்வகத்துக்கு வந்து சேரும் அந்தக் குப்பி சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே தெரியாது. புதிதாகச் சேர்ந்த மாணவர், பொருளை வைக்க மறந்துவிட்டு அனுப்பிவிட்டார்களோ என்று சந்தேகப்படுவது இயல்பு. மூத்தவர்கள் உடனே மூடியைத் திறக்க விடமாட்டார்கள். முதலில் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்றச் சொல்வார்கள். மூடியிலும் பக்கச் சுவரிலும் ஒட்டியிருக்கும் துகள்கள் அடியில் இறங்க வேண்டும். உள்ளே இருப்பது 20 மைக்ரோகிராம் புரதம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் 20 பங்கு. லேபிளில் ‘மறுசேர்க்கை மனித இன்டர்ஃபெரான் காமா’ என்றும், அதன் கீழே ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்றும் அச்சிட்டிருக்கும்.

இந்த இம்மியளவுப் பொருளில் சுமார் மூன்றரைக் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. சோதனைகளில் வழக்கமாகச் சேர்க்கும் செறிவில் கரைத்தால், 2 லிட்டர் வளர்ப்புத் திரவத்தில் நீந்தும் செல்கள் அனைத்தின் குணத்தையும் மாற்ற இதுவே போதும்.

நம் உடலில் இதைச் சுரப்பவை பெரும்பாலும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். கிருமியை அடையாளம் கண்டுகொண்ட டி செல், பக்கத்தில் இருக்கும் செல்களுக்குத் தகவல் தெரிவிக்கச் சிறு புரதங்களை வெளியிடும். இப்படிச் செல்லுக்குச் செல் தகவல் கொண்டுபோகும் புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பொதுப்பெயர். அவற்றில் இன்டர்ஃபெரான் காமாவுக்குத் தனி இடம் உண்டு. செல்லுக்கு உள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும் கிருமிகளை எதிர்க்க அதுதான் முக்கியமான கட்டளை. வேளாங்கண்ணியிலிருந்து நாகை, திருவாரூர், கும்பகோணம் வரை டெல்டா மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டறிந்த மூன்று நோய்கள் காசநோய், தொழுநோய், யானைக்கால். மூன்றிலும் யாருக்கு நோய் முற்றும், யாருக்கு முற்றாது என்ற கேள்வியைத் தோண்டிக்கொண்டே போனால் ஏதோ ஓர் இடத்தில் இந்தப் புரதம் எதிர்ப்படும்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஓர் அவரை வகை. ராஜ்மா பருப்பை அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும் என்று சமையல் தெரிந்தவர்கள் எச்சரிப்பார்கள். அதற்குக் காரணமான ஒரு புரதம் ராஜ்மாவில் உண்டு. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிப்பதற்காக அந்தப் புரதத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தபோது, அது வெள்ளணுக்களை உசுப்பிவிடுவதும் தெரியவந்தது. 1965இல் ஃபிரெடரிக் வீலாக் என்ற அமெரிக்க ஆய்வாளர், அப்படி உசுப்பப்பட்ட மனித வெள்ளணுக்கள் வைரஸை அடக்கும் ஏதோ ஒன்றைச் சுரப்பதாக அறிவித்தார். வைரஸை அடக்கும் இன்டர்ஃபெரான்களை 1957இலேயே லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் இது வேறு சாதி. மற்ற இன்டர்ஃபெரான்கள் அமிலத்தைத் தாங்கும். இது அமிலம் பட்டால் செயலிழந்துவிடும்.

கண்டுபிடித்தாகிவிட்டது, கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. லிட்டர் லிட்டராக ரத்தம் சேகரித்தாலும் கிடைப்பது கண்ணுக்குத் தெரியாத துளி, அதுவும் வேறு நூறு புரதங்களோடு கலந்து. அந்தக் கலவையைச் செல்களின் மேல் ஊற்றி ஒரு மாற்றம் வந்தால், அது எந்தப் புரதத்தின் வேலை என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. 1982இல்தான் கதவு திறந்தது. அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் ஒரு குழுவும், பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஒரு குழுவும் அதற்கான மரபணுவைப் பிரித்தெடுத்தன. ஜெனென்டெக் குழு அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, மனிதப் புரதத்தைப் பாக்டீரியாவின் வயிற்றிலிருந்தே எடுத்தது. மறுசேர்க்கை என்று சொல்வது இதைத்தான்: ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டி, வேறோர் உயிரின் மரபணுவோடு ஒட்டவைப்பது.

இதில் ஒளிந்திருக்கும் சாமர்த்தியங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 12ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணு தொடர்ச்சியாக எழுதப்பட்டதல்ல. நான்கு துண்டுகளாக, நடுநடுவே பொருளற்ற நீண்ட இடைவெளிகளோடு கிடக்கிறது. மனிதச் செல் அதைப் படியெடுத்தபின் இடைவெளிகளை வெட்டியெறிந்து துண்டுகளைக் கோத்துக்கொள்ளும். பாக்டீரியாவுக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே விஞ்ஞானிகள் மரபணுவிடம் போகாமல், டி செல் ஏற்கெனவே வெட்டி ஒட்டி வைத்திருக்கும் ஆர்என்ஏ நகலைப் பிடித்தார்கள். அதிலிருந்து பின்னோக்கி ஒரு டிஎன்ஏ எழுதினார்கள். அப்படிப் பின்னோக்கி எழுதும் நொதி, சில வைரஸ்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்டது. கிடைத்த டிஎன்ஏவைப் பிளாஸ்மிட் என்ற வளையத்தில் பொருத்தி உள்ளே அனுப்பினார்கள். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியா தன் குரோமோசோமுக்கு வெளியே தனியாக வைத்துக்கொள்ளும் சின்ன டிஎன்ஏ வளையம்.

பிறகு பெருக்கம். நல்ல தீனியும் காற்றும் வெதுவெதுப்பும் இருந்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். தடையே இல்லை என்று வைத்துக்கொண்டால், சாயங்காலம் விட்ட ஒரே ஒரு பாக்டீரியா பத்து மணி நேரத்தில் 107 கோடி ஆகிவிடும். தொட்டி நிறைந்ததும் ஒரு சர்க்கரை போன்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். அதுதான் சுவிட்ச். அத்தனை பாக்டீரியாக்களும் தங்கள் சொந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மனிதப் புரதத்தைக் கோக்கத் தொடங்கும். 143 அமினோ அமிலங்கள், ஒன்றுகூட இடம் மாறாமல்.

கோத்துவிட்டால் போதுமா? புரதத்தின் வேலை அதன் மடிப்பில் இருக்கிறது. அவசரத்தில் குவியும் அந்நியப் புரதங்களைப் பாக்டீரியாவால் ஒழுங்காக மடிக்க முடிவதில்லை. சிக்கலாகச் சுருண்டு, பயனற்ற கட்டிகளாக உறைந்துவிடும். அந்தக் கட்டிகளைக் குவனிடின் என்ற கடுமையான கரைசலில் போட்டு முழுக்க அவிழ்ப்பார்கள். அதன்பின் கரைசலை மெதுவாக நீர்க்கச் செய்வார்கள். மடிப்பதற்கு யாரும் வழிகாட்டுவதில்லை. வரைபடமும் இல்லை, அச்சும் இல்லை. அமினோ அமிலங்களின் வரிசையிலேயே மடிப்பும் எழுதியிருக்கிறது என்பதால் இழை தானாகவே சுருண்டு, சரியான உருவத்தை எட்டிவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையாத இடம் இது.

அந்த உருவமும் சாதாரணமானதல்ல. 1991இல் எக்ஸ் கதிர்களால் படம் பிடித்தபோது, இரண்டு இழைகள் எதிரெதிர்த் திசையில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடப்பது தெரிந்தது. ஒவ்வோர் இழையிலும் ஆறு சுருள்கள். ஓர் இழையைத் தனியே உருவினால் அது நிலைகொள்ளாது. இரண்டும் சேர்ந்தால்தான் இன்டர்ஃபெரான் காமா. மனிதச் செல் இதன்மேல் இரண்டு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டி அனுப்பும். பாக்டீரியா ஒட்டாது. அதனால் குப்பியில் இருப்பது சர்க்கரை இல்லாத மொட்டைப் புரதம். ஆச்சரியமாக, அதுவும் வேலை செய்கிறது. புரதத்தைக் கடித்துச் சிதைக்கும் நொதிகளிடமிருந்து காக்கும் கவசம் மட்டும் அதற்குக் குறைவு.

இன்னொரு தொல்லை மிச்சம் இருக்கிறது. ஈ.கோலையின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற கொழுப்புச் சர்க்கரைப் பொருள் உண்டு. நம் வெள்ளணுக்கள் அதைக் கண்டாலே கொதித்தெழும். குப்பியில் அது கொஞ்சம் கலந்திருந்தாலும் போயிற்று; செல் பதறியது இன்டர்ஃபெரானாலா, அசுத்தத்தாலா என்று தெரியாது. எனவே அதை எந்த அளவுக்கு நீக்கியிருக்கிறார்கள் என்று சோதிப்பார்கள். பல பத்தாண்டுகளாக இந்தச் சோதனைக்கு அமெரிக்கக் கடற்கரையின் குதிரைலாட நண்டின் ரத்தம் தேவைப்பட்டது. செம்பு கலந்த நீல ரத்தம் அது. எண்டோடாக்சின் இம்மியளவு பட்டாலும் அதிலுள்ள செல்கள் உடைந்து ரத்தம் உறைந்துவிடும். அந்த உறைவுக்குக் காரணமான புரதத்தையும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மறுசேர்க்கை முறையில் செய்து காட்டினார்கள். இப்போது நண்டைப் பிடிக்காமலே சோதிக்க முடிகிறது. மறுசேர்க்கைப் புரதத்தின் தூய்மைக்கு மறுசேர்க்கைப் புரதமே சாட்சி.

சரி, இவ்வளவு பாடுபட்டுச் செய்த புரதம் செல்லிடம் போய் என்ன செய்கிறது? அது செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல்லின் மேல்தோலில் துருத்திக்கொண்டிருக்கும் ஏற்பிகளைப் பிடித்து ஒன்றுசேர்க்கிறது. ஏற்பி என்பது வெளியிலிருந்து வரும் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதம். பின்னிய இரட்டை உருவத்துக்கான காரணம் இங்கே புரிகிறது: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டு ஏற்பிகளை ஒரே நேரத்தில் பற்ற முடிகிறது. ஏற்பிகளின் உள்வால்களில் ஒட்டியிருக்கும் நொதிகள் நெருங்கியதும் ஒன்றையொன்று தூண்டும். அவை ஸ்டாட்-1 என்ற புரதத்தின் குறிப்பிட்ட ஒரே இடத்தில், 701ஆவது அமினோ அமிலத்தில், ஒரு பாஸ்பேட்டைப் பொருத்தும். பாஸ்பேட் பெற்ற ஸ்டாட்-1கள் ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் அமரும். அரைமணி நேரத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். பிறகு நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்.

விழித்த செல் மேக்ரோஃபேஜாக இருந்தால் வேடிக்கை பார்க்க வேண்டும். மேக்ரோஃபேஜ் என்றால் கிருமிகளை விழுங்கும் பெரிய வெள்ளணு. காசநோய்க் கிருமி அதற்குள்ளேயே குடியிருக்கும். விழுங்கப்பட்ட பையோடு செரிமானப் பை வந்து சேராமல் தடுத்து வைத்திருக்கும். காமாவின் கட்டளை வந்ததும் அந்தத் தடை தளர்கிறது. கிருமியின் துண்டுகளை வெளித்தோலில் காட்சிக்கு வைக்கும் புரதங்கள் பெருகுகின்றன. இன்னும் விசித்திரமான ஓர் உத்தியும் உண்டு. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று செல்லுக்குள் உற்பத்தியாகும். செல் தன் இருப்பையே காலி செய்து, உள்ளே ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இப்படி அடங்குவதை 1984இல் காட்டினார்கள். காசநோய்க் கிருமி இதற்கும் வழி வைத்திருக்கிறது. டிரிப்டோபனைத் தானே சமைத்துக்கொள்ளும்.

இந்தக் கட்டளை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 1996இல் உலகம் அறிந்தது. மால்டாவில் சில குழந்தைகளும் துனிசியாவில் ஒரு குழந்தையும், பிறரை ஒன்றும் செய்யாத சாதாரண மைக்கோபாக்டீரியாக்களிடம் தோற்றுப்போனார்கள். துனிசியக் குழந்தையைத் தாக்கியது பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியே. காமாவைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி அவர்களுக்குப் பிறவியிலேயே பழுது. சுண்டெலிகளை வைத்து எவ்வளவு படித்தாலும், மனித நோய்க்கு மனிதப் புரதம் வேண்டும். மனித இன்டர்ஃபெரான் காமா எலியின் செல்லை அசைக்கவே அசைக்காது. எலியினுடையது நம்முடையதையும் அப்படியே. லேபிளில் ‘மனித’ என்று அழுத்தமாகப் போட்டிருப்பது அதற்காகத்தான்.

குப்பிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதிகம் பேசப்படாத வேலை. அது ஓர் அளவுகோல். உடலில் காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. நோயாளியின் ரத்தத்தில் கிருமியின் புரதத் துண்டுகளைச் சேர்த்து ஓர் இரவு வைத்திருப்பார்கள். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த டி செல்கள் இருந்தால் காமாவைச் சுரக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு பரிசோதனையில், மில்லிலிட்டருக்குச் சுமார் 17 பிகோகிராம் கூடினாலே ‘ஆம்’ என்று கணக்கு. பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கொள்முதல் நிலையத்தில் அடுக்கியிருக்கும் 40 கிலோ மூட்டைகளில் 28,000 மூட்டைகளைக் கொட்டி, அதில் அடையாளமிட்ட ஒரே ஒரு நெல்மணியைக் கண்டுபிடிப்பதற்கு, ஒரு மில்லிலிட்டரில் அந்த 17 பிகோகிராமைக் காண்பது சமம். இரண்டு எதிர்ப்பொருள்கள் இருபுறமும் காமாவைக் கவ்விப் பிடித்து நிறம் காட்டுவதால் இது முடிகிறது. ஆனால் எவ்வளவு நிறத்துக்கு எவ்வளவு காமா? அளவு தெரிந்த மறுசேர்க்கைப் புரதத்தைப் படிப்படியாக நீர்க்கவைத்து, பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

மருந்தாகவும் முயன்றார்கள். 1986இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வில், கிருமிகள் மண்டிய வகைத் தொழுநோய் உள்ளவர்களின் தோலில் சில மைக்ரோகிராம் மறுசேர்க்கைக் காமாவை ஊசியால் செலுத்தினார்கள். அதுவரை கிருமிகளைக் கண்டுகொள்ளாமல் இருந்த தோலில் அந்த இடம் மட்டும் தடித்தது. வெள்ளணுக்கள் வந்து குவிந்தன. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் சி. கே. ஜாப், வேலூர் சிஎம்சியிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பணியாற்றிய நோய்க்குறியியல் நிபுணர். இன்னொருவர் ரால்ஃப் ஸ்டைன்மன். 2011இல் நோபல் பரிசு பெற்றவர். தொழுநோயைக் குணப்படுத்துவது இன்றும் கூட்டு மருந்து மாத்திரைகள்தான். ஆனாலும் அங்கே நோயாளியின் வெள்ளணுக்களுக்குப் போராடத் தெரியாமல் இல்லை, கட்டளைதான் வராமல் இருந்தது என்பதை அந்த ஊசி காட்டிவிட்டது.

யானைக்காலில் புதிர் இன்னும் ஆழம். கும்பகோணத்துக்கு ஒரு காலத்தில் இந்த நோயாலேயே ஒரு பெயர் உண்டு. வேளாங்கண்ணிக்கு வடக்கே காரைக்காலில் 1980களில், இந்த நோயை உண்டாக்கும் புழுவைக் கொல்லும் டிஇசி மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். யானைக்கால் தடுப்பு ஊழியர்கள் இரவில்தான் வீட்டுக்கு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், ஏனென்றால் புழுக்குஞ்சுகள் நள்ளிரவை ஒட்டித்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும். இரவில் கடிக்கும் சாக்கடைக் கொசுவுக்காகக் காத்திருக்கும் நேரம் அது. விந்தை என்னவென்றால், ரத்தத்தில் குஞ்சுகள் நிறைந்திருக்கும் பலருக்குக் கால் வீங்குவதே இல்லை. வெளியே பார்த்தால் ஆரோக்கியம். கால் வீங்கியவர்கள் பலரின் ரத்தத்திலோ குஞ்சுகளே இருப்பதில்லை.

சென்னை சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனமும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களும் சேர்ந்து, 1990களில் இரு வகையினரின் வெள்ளணுக்களையும் சோதித்தன. வி. குமாரசுவாமி, தாமஸ் நட்மன், எரிக் ஆட்டசன் முதலியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். வெள்ளணுக்களின் மேல் புழுவின் சாற்றைச் சேர்த்ததும், வீக்கம் கண்டவர்களின் செல்கள் காமாவைத் தாராளமாகச் சுரந்தன. குஞ்சுகளைச் சுமப்பவர்களின் செல்கள் மிகக் குறைவாகவே சுரந்தன. அந்தச் செல்கள் பலவீனமானவையோ என்றால் இல்லை. வேறு பொதுவான தூண்டுபொருளைக் கொடுத்தால் நன்றாகவே சுரக்கும். புழுவிடம் மட்டும்தான் மௌனம். அந்த மௌனத்தின் பின்னால் ஐஎல்-10 என்ற இன்னொரு சைட்டோகைன் இருந்தது. அது அடக்கி வைக்கும் வகை. அதை எதிர்ப்பொருளால் முடக்கியபோது செல்களின் சுறுசுறுப்பு ஓரளவு திரும்பியது. காலின் வீக்கத்தில் புழுவின் பங்கோடு, அதை எதிர்க்கும் நம் உடலின் ஆவேசத்துக்கும், தோல் வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டு. காமாவை இன்னும் கொஞ்சம் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாரும் எளிதாகச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

ஐந்தாறு ஆண்டுகள் நம் நிணநீர்க் குழாய்க்குள் பிடிபடாமல் வாழும் புழு, இந்த மௌனத்தைச் சும்மா பெற்றுவிடவில்லை. நம் வெள்ளணுக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் எம்ஐஎஃப் என்ற மனிதச் சைட்டோகைன் ஒன்று உண்டு. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் காணப்படும் புரூஜியா மலாயி என்ற யானைக்கால் புழு வகையின் மரபணுவிலும் அதே குடும்பப் புரதம் கிடைத்தது. அமினோ அமில வரிசையில் ஏறத்தாழ 40 விழுக்காடு நம்முடையதோடு ஒத்துப்போகிறது. புழுவின் மரபணுவையும் ஈ.கோலைக்குள் வைத்து, புழுவின் எம்ஐஎஃப்பைக் குப்பியில் பிடித்தார்கள். 1998இல் வெளியான ஆய்வில் அதையும் மனித எம்ஐஎஃப்பையும் அருகருகே வைத்து மனித வெள்ளணுக்களிடம் சோதித்தபோது, இரண்டுக்கும் செல்கள் ஒரே மாதிரி அடங்கி நின்றன.